உப்பின் மேல் நான் எழுதிய ரிப்போர்ட்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். விமானப் பராமரிப்புப் படிக்கிற மாணவி. அவர்கள் பள்ளியின் ஆண்டு மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"எதைப் பத்தி எழுதணும்மா?" என்று கேட்டேன்.

"நீங்க வேக்குவம் பம்பு எல்லாம் கையால கழட்டி மாட்டியிருக்கீங்களாமே சார்!" என்றாள். ஏதோ நான் டைனோசருக்குத் தீனி போட்டவன் மாதிரி.

இப்போது வருகிற சின்ன விமானங்களில் அந்தப் பம்பு இல்லை. விமானி முன்னால் டிவி மாதிரி ஒரு திரை, எல்லாம் மின்சாரம். பம்பு போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. எனக்கு அது செய்த அவமானத்துக்கு இன்னும் முன்னாலேயே போயிருக்க வேண்டும். அந்த அவமானத்தைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது, மலர்க்குழு மன்னிக்கட்டும்.

பம்பு என்றதும் டயருக்குக் காற்றடிக்கிற பம்பு என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பா கடைசிவரை அப்படித்தான் நினைத்தார். எங்கள் ஊரான அனுமந்தையின் கடற்கரையில் வலையை உதறிக்கொண்டே, "எம் பையன் ஏரோப்ளேனுக்குக் காத்தடிக்கிறான்" என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இது காற்றை உறிஞ்சுகிற பம்பு. உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும், இன்ஜினின் முதுகில் ஒட்டிக்கொண்டு சுற்றும். அது உறிஞ்சுகிற காற்றில்தான் விமானி முன்னால் இருக்கும் கருவிகளுக்குள் பம்பரம் மாதிரிச் சின்னச் சக்கரங்கள் சுழலும். விமானம் நேராகப் போகிறதா சாய்ந்து போகிறதா என்பதை மேகத்துக்குள் அவருக்குச் சொல்வது அந்தப் பம்பரங்கள்தான்.

சென்னையில் மூன்று வருடம் பயிற்சி. முதல் வருடம் துடைத்தேன். இரண்டாம் வருடம் மற்றவர்கள் கழற்றும்போது டார்ச் பிடித்தேன். மூன்றாம் வருடம் நானே கழற்றினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், கடற்கரையை மேலிருந்து படம் பிடிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தேன். மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டி, காய்ந்து இறுகிக் கிடந்த ஒரு தரிசு நிலம்தான் எங்கள் ஓடுபாதை. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு விமானம், ஒரு கேப்டன், ஒரு தலைமை மெக்கானிக், அவருக்குக் கீழே நான், ஒரு வாட்ச்மேன். விமானத்தின் வயிற்றில் பெரிய கேமரா. அதற்குள் இருக்கும் பிலிம் சுருக்கமில்லாமல் தகட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். அதற்கும் உறிஞ்சு காற்று வேண்டும். பம்பு போனால் படமும் போச்சு.

தலைமை மெக்கானிக் பெயர் அந்தோணிராஜ். ஐம்பது வயது. கஞ்சி போட்ட வெள்ளைப் பேன்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் காலை முதல் மாலை வரை இன்ஜினுக்குள் கைவிட்டு வேலை செய்யக் கூடிய ஒரே மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வரும்வரை விமானம் கிளம்பாது. எங்களையெல்லாம் "டேய்" என்பார். இயந்திரங்களை மட்டும் "அவங்க" என்பார். "அவங்களுக்கு மூச்சு முட்டுதுடா, பில்டர மாத்து." "அவங்க மேல ஸ்பேனர வெக்காத, அவங்க என்ன ஒன்னோட அலமாரியா?"

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் தொடுவதற்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செய்யப் போவதை முழுக்க வாயால் சொல்ல வேண்டும்.

"கையப் பின்னால கட்டு. வாயால செய்."

"பம்புக்கு நாலு நட்டு சார். முதல்ல மேல் ரெண்டு, அப்புறம் கீழ் வெளிப்பக்கம். உள்பக்க நட்டுக்கு வளைஞ்ச ஸ்பேனர். குழாயக் கழட்டினதும் வாயத் துணியால கட்டணும். பம்ப வைஸ்ல இறுக்கக் கூடாது. எண்ணெய் படக் கூடாது."

"பட்டா?"

"அவங்க செத்தாங்க சார்."

"ம். இப்ப கையால செய்."

இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. எந்தக் காகிதம் வந்தாலும், அது உதிரிப் பாகத்தோடு வரும் குறிப்பானாலும் சரி, மளிகைக் கடைச் சீட்டானாலும் சரி, உடனே பெரிய ரிஜிஸ்டரில் ஒட்டிவிடுவார். அதற்கென்றே பால்பவுடர் டப்பாவில் மைதாப் பசை காய்ச்சி வைத்திருந்தார். நாலு மூலையில் தொட்டு வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. முழு முதுகிலும் பூசி, உள்ளங்கையால் நீவி ஒட்டுவார். பக்கத்தில் பச்சை மையில் தேதி. "காத்து அடிச்சாலும் போவாதுடா" என்று பெருமைப்படுவார். உண்மைதான். எதுவும் போகவில்லை.

அதுவரை நாங்கள் பார்த்த பம்பெல்லாம் எண்ணெயில் ஊறிக்கொண்டே ஓடும் இரும்புப் பம்பு. இந்த விமானத்தில் இருந்தது புது மாதிரி, எண்ணெயே இல்லாத உலர் பம்பு. உள்ளே கரித் தகடுகள், அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன். வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது. கையில் உபரியாக இருந்தது இரண்டே இரண்டு. இன்னொன்று வேண்டுமென்றால் அனுமதி வாங்கி வரவழைப்பதற்குள் அந்த வருடமே முடிந்துவிடும்.

கோடை தொடங்கியிருந்தது. ஒரு நாள் கேப்டன் இறங்கி வந்து, "ஹொரைசன் படுத்துடுச்சு" என்றார், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியை. உறிஞ்சு காற்றை அளக்கும் கருவியின் ஊசி பூஜ்யத்தில் கிடந்தது. அந்தோணிராஜ் சார் சிலுவை போட்டுக்கொண்டார். பம்பைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன்; பல்பொடி மாதிரி கரித் தூள் கொட்டியது. அன்றைக்கு எடுத்த படத்தைப் பிறகு கழுவிப் பார்த்தால், நூல் பிடித்துக் கட்டின உப்பளப் பாத்திகளெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன.

ஒன்று போனால் ஆயுசு முடிந்தது என்று விடலாம். புதிதாக மாட்டியது இரண்டே வாரத்தில் போனது. குழாய்களை மாற்றியிருந்தேன், பில்டரை மாற்றியிருந்தேன், எண்ணெய் படாமல் பாலிதீன் பை கட்டித்தான் இன்ஜினைக் கழுவினேன். மிச்சம் ஒரே ஒரு பம்பு. அதுவும் போனால் குத்தகை போகும், எங்கள் வேலை போகும்.

"காரணம் என்னடா?" என்றார் சார்.

உடைந்த பம்பைத் திறந்து பார்த்தேன். எல்லாத் தகடுகளும் ஒரே பக்கமாக மூளியாகியிருந்தன. இருபத்தாறு வயது, அப்போதுதான் பரீட்சையில் தேறியிருந்தேன். அந்த வயதில் தெரியாது என்ற வார்த்தை வாயில் வராது.

"உப்புத் தூசி சார்."

"நிச்சயமாவா?"

"பாருங்க சார், எல்லாம் ஒரே பக்கமா அரிச்சிருக்குது. காத்து கிழக்கால இருந்துதான வருது?"

இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற பம்புக்குக் கிழக்கேது மேற்கேது? அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை, கேட்டவருக்கும் தோன்றவில்லை. நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். காற்றுக்கு அம்புக்குறி போட்டுப் படம் வேறு. பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாரும்போது தூசி பறக்கிறது, ஆகவே படப்பிடிப்பு முடியும்வரை அங்கே வாருவதை நிறுத்த வேண்டும் என்று முடித்தேன். சார் அதைப் படித்து, ஒரு நகலைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை ரிஜிஸ்டரில் ஒட்டினார்.

கம்பெனி மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். பழி போட ஆள் கிடைத்தால் எந்த மேனேஜருக்கும் சந்தோஷம்தான். உப்பளத்தின் சொந்தக்காரரான அளத்துக்காரரிடம் பேசிச் சரிக்கட்டினார். ஓடுபாதையை ஒட்டியிருந்த பாத்திகளில் வேலை நின்றது.

கொடுமை என்னவென்றால், அப்போதுதான் உப்பு முழுசாக விளைந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. வாரிக் குவித்து மேலே கீற்றுப் போட்டு மூடும்வரை அது உப்பு இல்லை, வெறும் நம்பிக்கை. நடுவில் ஒரு கோடை மழை விழுந்தால் அவ்வளவும் திரும்பத் தண்ணீர். அங்கே கூலிக்கு வாரியவர்களுக்கு வருடத்தில் அந்தச் சில வாரங்கள்தான் சோறு.

மூன்றாம் நாள் ஒரு அம்மாள் கொட்டகைக்கே வந்துவிட்டார். அஞ்சலை, எங்கள் வாட்ச்மேன் கோவிந்தனின் மனைவி, வாரும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. கோவிந்தன் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏம்பா, நீ அனுமந்தப் புள்ளதான? உங்கப்பா கருவாட்டுக்கு எங்க உப்பத்தான் வாங்கினு போறாரு. உங்கூட்டு மீனுக்கு ஆவுற உப்பு ஒன் பம்புக்கு ஆவாதா?"

"அக்கா, இது டெக்னிக்கல் விஷயம்."

"டெக்னிக்கலோ கிக்னிக்கலோ, மழ வந்தா எல்லாம் கரைஞ்சி பூடும். அப்ப நீ வந்து எங்க புள்ளைங்களுக்கு ஒலை வெப்பியா?"

 அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை.  ஏனென்றால் கடைசிப் பம்பு மாட்டி ஒரு வாரம் ஆகியும் ஊசி இருக்க வேண்டிய ஐந்தை விட்டு அசையவில்லை. "பாத்தீங்களா சார், உப்ப நிறுத்தினதும் நின்னுடுச்சு" என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன்.

கோவிந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் ஆவதற்கு முன்னால் இருபது வருடம் உப்பளத்தில் டீசல் இன்ஜின் ஓட்டியவர். கடல் தண்ணீரை வாய்க்காலிலிருந்து பாத்திக்கு இறைக்கிற இன்ஜின். சாது. பெண்டாட்டிக்கு வேலை போன நாளிலிருந்து வீட்டில் தினமும் அர்ச்சனை. "ஒன் பம்பு நாசமாப் பூடும்" என்று அந்த அம்மாள் திட்ட, "அய்யோ, அப்படிச் சொல்லாத, அது நல்லா இருந்தாத்தான் ஒனக்குத் திரும்ப வேல கெடைக்கும்" என்று இவர் கும்பிட, பெரிய கூத்து. காலையில் நான் வரும்போது, "தம்பி, இன்னிக்கு பட்டுனு ஸ்டார்ட் ஆவும் பாருங்க" என்பார். ஆகும். "கை ராசிங்கண்ணே ஒங்களுக்கு" என்பேன். வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

ஒரு நாள் பொழுது விடிகிற நேரத்துக்கே போய்விட்டேன். வானம் மூட்டமாக இருந்தது; மழை வருமோ என்று தூக்கம் பிடிக்கவில்லை. கொட்டகைக்குள் ஒரு காட்சி. கோவிந்தன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, விமானத்தின் முன்காற்றாடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. "ஆறு... ஏழு... எட்டு."

 சாவி அணைந்திருந்தாலும் எங்கோ ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தால் போதும், அந்தக் காற்றாடி ஒரு சுற்று உயிர் பெற்று ஆளை இரண்டாக்கிவிடும். பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"ஒங்களுக்காகத்தான் தம்பி. காலைல இன்ஜின் மொறண்டு புடிக்கும். டீசல் இன்ஜின்ல பைவீலுன்னு பெரிய சக்கரம், அத பின்பக்கமா நாலு சுத்து சுத்தி உட்டுத்தான் ஹேண்டில் போடுவோம். லேசாயிடும். தெனமும் நாலு சுத்து உட்டுனு இருந்தேன்."

"இப்ப எட்டுன்னு எண்ணினீங்களே?"

"எம் பொஞ்சாதிக்கு வேல போனதுலேர்ந்து எட்டு. பம்பு நல்லா இருக்கணும்ல?"

பின்பக்கமா. எல்லாத் தகடுகளும் ஒரே பக்கமாக மூளி.  பம்போடு வந்த குறிப்பில் இதைப் பற்றி ஏதாவது இருக்குமா? ஓடிப்போய் ரிஜிஸ்டரைத் திறந்தேன். குறிப்பு இருந்தது, முன்பக்கம் மட்டும். மூன்று பம்பு, மூன்று குறிப்பு, மூன்றும் முழு முதுகிலும் பசை பூசி நீவி ஒட்டப்பட்டிருந்தன. பின்பக்கத்தில் ஏதோ அச்சடித்திருப்பது வெளிச்சத்தில் நிழலாகத் தெரிந்தது.

பிளாஸ்கில் இருந்த டீயை ஒரு துணியில் நனைத்து, மூலையை மெல்ல ஊறவைத்து உரிக்க ஆரம்பித்தேன். பாதி உரிந்தபோது வாசலில் வெள்ளைப் பேன்ட் தெரிந்தது.

"டேய்! அவங்களை என்னடா பண்ற?"

அந்த மனிதர் கோபத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ஈரக் காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். டீக்கறைக்கு நடுவில் தடித்த எழுத்தில் இருந்தது: காற்றாடியை ஓடும் திசைக்கு எதிராகக் கையால் சுற்றக் கூடாது, சுற்றினால் கரித் தகடுகள் முறியும்.

கோவிந்தன் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். "என் வேலையும் போச்சு, அவ வேலையையும் நானே போக்கிட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

 சார் காற்றாடி அருகில் போய் நின்றார். தினமும் மாலையில் விமானம் வந்து நின்றதும், காற்றாடியின் இரண்டு இறக்கையும் தரைக்குச் சமமாகப் படுக்கை வசமாக நிற்கும்படி அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். அதுதான் மரியாதையாம்.

"டேய், நான் எந்தப் பக்கமாடா தள்ளுவேன்?"

எனக்குத் தெரியும். தரையைப் பார்த்தேன்.

"சொல்லுடா. கையப் பின்னால கட்டிகிட்டுச் சொல்லு."

"பின்பக்கமா சார்."

"இரும்புப் பம்பு காலத்துலேர்ந்து அப்படியே பழகிப் போச்சு. அவங்க பொறுத்துக்கிட்டாங்க." பச்சைப் பேனாவை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். ரிஜிஸ்டரில் ஒட்டியிருந்த ரிப்போர்ட்டில், காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்த உப்புத் தூசியை அடித்துவிட்டு, அந்தோணிராஜ் என்று எழுதினார். கோவிந்தன் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு வெட்கமாகிப் பேனாவை வாங்கி, அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். குனிந்து பார்த்துவிட்டு, "எழுத்து கோணலா இருக்குது" என்றார். 

தபால் ஆபீஸ் திறந்ததும் மேனேஜருக்குத் தந்தி. பதிலுக்குக் காத்திருக்காமல் சார் நேராக அளத்துக்காரர் வீட்டுக்குப் போய் உப்பை வாரச் சொன்னார். அவர் வானத்தைக் காட்டினார்.

"இப்ப வந்து சொல்றீங்களே! பாதிப் பேரு திண்டிவனம் பக்கம் மல்லாட்டக் கடல புடுங்கப் பூட்டாங்க. சாயங்காலம் மழ இறங்கும். இருக்குற ஆளுங்கள வெச்சி எத்தன பாத்தி வாருறது?"

"ஆளு நாங்க இருக்கிறோம்" என்றார் அந்தோணிராஜ் சார்.

அந்த வெள்ளைப் பேன்ட் முழங்காலுக்கு மேல் சுருட்டப்பட்டதை மரக்காணம் அன்றுதான் பார்த்தது. சார், நான், கோவிந்தன், அன்றைக்குப் பறக்க முடியாத கேப்டன்கூட. அஞ்சலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சார் கைகூப்பினார்.

"அம்மா, தப்பு எங்க மேல. உப்பு மேல இல்ல. அவங்க சுத்தம்."

"யாரு சுத்தம்?"

"உப்பு."

அஞ்சலை ஆளுக்கொரு நீண்ட கம்பு மாட்டிய பலகையைத் தந்தார். நான் அதைப் பாத்தியில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். அடிச்சேறு கிளம்பி உப்பு கறுத்தது.

"யோவ்! தள்ளாத, இழு! ஒங்க கூட்டமே எல்லாத்தையும் பின்னாடி பக்கமாத்தான் செய்வீங்களா?"

சுற்றியிருந்த பெண்கள் பலகையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். விஷயம் கொட்டகையிலிருந்து எங்களுக்கு முன்னாலேயே நடந்து வந்திருக்கிறது. இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்தது; கொப்பளம் உடைந்து அதில் உப்பு பட்டதும் அம்மா என்று அலறினேன். அந்த எரிச்சலோடு அவர்கள் வருடக்கணக்காக வாருகிறார்கள். அந்தோணிராஜ் சார் மட்டும் பேன்ட்டில் ஒரு துளி சேறில்லாமல், வரப்பில் ஒரே அளவாகக் குவித்துக்கொண்டே போனார். சாயங்காலத்துக்குள் கடைசிக் குவியலுக்கும் கீற்று ஏறியது. ஏறின அரைமணியில் மழை கொட்டியது.

கொட்டகையில் எல்லோரும் ஒண்டினோம். அஞ்சலை பானையைத் திறந்து ஆளுக்கொரு குவளைக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினார். பசி உயிர் போயிற்று. ஒரு வாய் குடித்தேன். சப்பென்றிருந்தது. பக்கத்தில் கேப்டன் கண்ணை உருட்டிக்கொண்டு விழுங்கினார். சுற்றிலும் மலை மலையாக உப்பைக் குவித்து வைத்திருக்கிறோம், கூழில் ஒரு கல் இல்லை.

"அக்கா, உப்பு போடலையா?"

"உப்பு ஆவாதுன்னு நீதான நாலு பக்கம் எழுதிக் குடுத்த?"

மழைச் சத்தத்துக்கு மேலே சிரிப்பு எழுந்தது. கோவிந்தன்கூடச் சிரித்தார். ஆனால் அஞ்சலை சிரிக்கவில்லை. ஒரு கை உப்பை ஏந்திக்கொண்டு என் முன்னால் நின்றார். அந்த ஈரக் கையிலும் என் கையில் இருந்த அதே கொப்பளங்கள், காய்த்துப் போய்.

நான் அந்தோணிராஜ் சாரைப் பார்த்தேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"என்னடா பாக்குற? கையப் பின்னால கட்டு. வாயால கேளு."

கட்டிக்கொண்டேன். "நான் எழுதினது தப்புக்கா. உப்பு வேணும்."

"மழையில கேக்கல."

"உப்பு வேணும்கா!" என்று கத்தினேன்.

போட்டார்.